மேஸ்திரி பதினேழு தடவை செத்த கதை

மேஸ்திரியும் அவருடைய மகளும் போனில் பேசிக்கொள்ளும் நேரம் ஏறக்குறைய பன்னிரண்டு நொடி. கடிகாரம் வைத்து யாரும் அளந்ததில்லை. ஆனால் அவர் பேசத் தொடங்கும்போது மனைவி ஒரு சட்டையை மடிக்கத் தொடங்கினால், மடித்து முடிப்பதற்குள் போன் அவள் கைக்கு வந்துவிடும்.

"சாப்டியா?"

"சாப்டேன்பா. நீங்க?"

"ஆச்சு. இந்தா, அம்மாகிட்ட குடுக்கறேன்."

அவ்வளவுதான். மகள் கால்நடை மருத்துவம் படிக்கத் தூரத்து நகரத்துக்குப் போய் ஏழு மாதமாகிறது. இந்த ஏழு மாதத்தில் அப்பனும் மகளும் பேசியதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தாலும் ஒரு டீ ஆறுகிற நேரம் தேறாது. மனுஷன் பாசமில்லாதவர் என்று நினைத்தால் அது பாவம். வேலை நடக்கும் இடத்தில் இருபது பேரை மேய்க்கிறவர். மூன்றாவது மாடியில் நின்றுகொண்டு கீழே கலவை போடுகிறவனைத் திட்டினால் அடுத்த தெருவரை கேட்கும். அப்பேர்ப்பட்ட தொண்டை, மகளின் குரலைக் கேட்டதும் நனைந்த சிமென்ட் மூட்டையாக இறுகிவிடும். என்ன செய்ய? சிலருக்குப் பாசம் நெஞ்சு வரைதான் ஏறும், நாக்குக்கு வராது.

அவர் மனைவிக்கு அந்தச் சிக்கல் கிடையாது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. நாள் முழுக்க ராட்சச இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேல் கத்திப் பழகியவள். போனை வாங்கினால் நாற்பது நிமிடம், அதுவும் போனே தேவையில்லாத குரலில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு மாடியில் குழாய் ஒழுகுகிறது என்று மேஸ்திரி ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஏறினார். மாடி அறையில் இருப்பவன் அவர் மனைவியின் தம்பி. முப்பத்துநாலு வயது, லிஃப்ட் பழுதுபார்க்கிற மெக்கானிக். வீட்டில் அவனுக்குப் பெயரே லிஃப்ட்டு. வேலையில்லாத நேரமெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஏதோ கட்டை அடுக்குகிற விளையாட்டு ஆடுவான். "ஏழு கழுதை வயசுல பொம்மை விளையாட்டு" என்பது அவனைப் பற்றி மேஸ்திரியின் நிரந்தரத் தீர்ப்பு.

கதவுக்கு வெளியே நின்றவருக்கு உள்ளேயிருந்து மகளின் குரல் கேட்டது. கம்ப்யூட்டர் ஸ்பீக்கரிலிருந்து வந்தது.

"தையல் போட்டதெல்லாம் டாக்டர்தான் மாமா. ஆனா நாயோட தலையை நான்தான் பிடிச்சிருந்தேன். முக்கால் மணி நேரம். கை ஆடவே இல்ல. எல்லாம் முடிஞ்சு வெளிய வந்து, பின்னாடி போய் வாந்தி எடுத்தேன்."

"அடிப்பாவி! நாய் என்ன பண்ணுச்சு?"

"அது ஜம்முனு வாலாட்டுது மாமா!"

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை மேஸ்திரி கேட்டு ஏழு மாதமாகிறது. அரை மணி நேரம் ஸ்பேனரும் கையுமாக அங்கேயே நின்றார். மகள் நாயின் தலையைப் பிடித்த கதை மச்சினனுக்குத் தெரிகிறது, பெற்ற அப்பனுக்குத் தெரியவில்லை. வயிறு எரிந்தது. வெட்கமாகவும் இருந்தது. குழாய் அதுபாட்டுக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

மறுநாள் வேலை முடிந்து கைகால் கழுவியவர் நேராக மாடிக்குப் போனார்.

"மாப்ள, அந்த ஆட்டத்துல என்னதான் பண்ணணும்?"

லிஃப்ட்டு திரும்பிப் பார்த்தான். ஏதோ வம்பு வருகிறது என்று நினைத்திருப்பான். "உயிரோட இருக்கணும் மச்சான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். அதுவே பெரும்பாடு."

எல்லாமே சதுரக் கட்டைகளாலான ஓர் உலகம். மண், கல், மரம், ஆடு, மாடு, எல்லாம் கட்டை. அங்கே உன்னை வெறுங்கையோடு ஒரு காட்டில் இறக்கிவிடுவார்கள். இதைச் செய், அதைச் செய் என்று சொல்ல ஆள் கிடையாது. மரம் வெட்டி, கருவி செய்து, கல்லுடைத்து, சாப்பாடு தேடி, இருட்டுவதற்குள் ஒதுங்க ஓர் இடம் அமைத்துக்கொள்ள வேண்டும். அங்கே பகல் பத்து நிமிடம், இரவு ஏழு நிமிடம். இரவில் பேய் பூதமென்று கண்டதெல்லாம் கிளம்பி வந்து அடிக்கும்; வெயில் பட்டால்தான் எரிந்துபோகும். மகளும் மாமனும் ஞாயிறுதோறும் இந்த உலகத்துக்குள்தான் கூடிப் பேசுகிறார்கள்.

"கத்துக் குடு" என்றார் மேஸ்திரி. "ஆனா அவகிட்ட மூச்சு விடக்கூடாது. தெரிஞ்சவனாப் போய் அவ முன்னால நிக்கணும்."

லிஃப்ட்டுக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அதை மென்று விழுங்கினான். ஒரு பழைய லேப்டாப்பைத் துடைத்து அவர் முன்னால் வைத்தான்.

பாடம் முதல் நிமிடமே தகராறாகிவிட்டது.

"முதல்ல மரத்தை அடிங்க."

"எதால?"

"கையாலதான்."

"வெறுங்கையாலயா? கை என்னத்துக்கு ஆகும்? கோடாலி எங்க?"

"மரத்தை அடிச்சாத்தான் கோடாலியே செய்ய முடியும் மச்சான்."

"எந்த மடையன்டா இந்த சைட்டுக்கு மேஸ்திரி?"

ஒரு வழியாக அடித்தார். அடிமரத்தில் ஒரு கட்டை உடைந்து கையில் வந்தது. உடனே மேஸ்திரி, "தள்ளு! தள்ளு! விழப்போகுது!" என்று கத்தி, நாற்காலியோடு பின்னால் பாய்ந்து, லிஃப்ட்டையும் தோளைப் பிடித்து இழுத்துவிட்டார். முப்பது வருடம் கட்டடம் கட்டிய உடம்பு அது, சொல்லிக் கேட்காது. ஆனால் மரம் விழவில்லை. அடிமரம் இல்லாமல், மேல்பாதி அந்தரத்தில் சாவகாசமாக நின்றுகொண்டிருந்தது.

"இது எப்படி நிக்குது?"

"இங்க அப்படித்தான்."

"எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது?"

"ஒண்ணையும் பிடிக்கல."

மேஸ்திரி அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கட்டிய ஒரு சுவர்கூட இப்படி அவரை மதிக்காமல் நின்றதில்லை. "அநியாயம்" என்றார் கடைசியில்.

அன்றைக்கே செத்தும் போனார். காரணம் அஸ்திவாரம். மரம் வெட்டு, நாலு சுவரை எழுப்பு, உள்ளே புகுந்துகொள் என்று லிஃப்ட்டு தலைப்பாடாக அடித்துக்கொண்டான். அஸ்திவாரம் இல்லாமல் சுவரெழுப்பினால் தன் கையே தன்னை மன்னிக்காது என்றார் மேஸ்திரி. நூலுக்குப் பதிலாக மண்கட்டைகளை வரிசையாக வைத்து எல்லை குறித்தார். மூலைமட்டம் சரிபார்த்தார். நாலு கட்டை ஆழத்துக்குத் தோண்டினார். தோண்டிய பள்ளத்திலிருந்து ஏறத் தெரியாமல் உள்ளேயே குதித்துக்கொண்டிருந்தபோது பொழுது சாய்ந்தது. மேலேயிருந்து ஏதோ ஒன்று எட்டிப்பார்த்து உறுமியது. அடுத்த நொடி திரை சிவந்தது: செத்தாயிற்று, மறுபடி முதலிலிருந்து.

"யாருடா இவன்?"

"அதான் சொன்னேனே. ராத்திரில வருவாங்கன்னு."

"வேலை நடக்குற இடத்துல இப்படியா வந்து அடிப்பான்!"

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துச் சுவரில் ஒரு கோடு போட்டார். மூட்டைக் கணக்கு வைக்கிற பழக்கம். இரண்டாம் நாள் மலையிலிருந்து விழுந்து ஒரு கோடு. மூன்றாம் நாள் பட்டினியில் ஒரு கோடு. நிலத்தைச் சமப்படுத்துகிற மும்முரத்தில் சாப்பிட வேண்டும் என்பதே மறந்துவிட்டது. "அங்கேயும் அப்படித்தானா?" என்றாள் மனைவி. ஆற்றில் ஒன்று, நெருப்பில் இரண்டு. ஒருமுறை தன் தலைக்கு நேர் மேலே மணலைத் தோண்டி அதில் புதைந்தார். கட்டையுலகத்தில் மணல் மட்டும் ஒழுங்காக விழும் என்பதை அப்படித்தான் அறிந்துகொண்டார். அதில் அவருக்குப் பெரிய திருப்தி. "பரவாயில்ல, மணலுக்காவது புத்தியிருக்கு" என்று சொல்லிக்கொண்டே கோடு போட்டார்.

சாண் ஏறினால் முழம் சறுக்கியது. ஆனாலும் ஏறினார். பலகை அறுக்கக் கற்றார், பட்டறை மேசை செய்யக் கற்றார், கரி தோண்டித் தீப்பந்தம் கொளுத்தக் கற்றார். வேலையாட்கள் மதியம் கண்ணயர்கிற நேரத்தில் அவர் ஒரு சிமென்ட் தாளில் கோடரிக்கு எத்தனை குச்சி, எத்தனை கல் என்று எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தார். புது ஆர்டராக்கும் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

மூன்றாவது வாரம் சுவரில் பதினேழு கோடு. பதினெட்டாம் முறை லிஃப்ட்டு சொன்னான்: "மச்சான், வீடே வேணாம். இருட்டப்போகுதுன்னா, நிக்கிற இடத்துல ரெண்டு கட்டை ஆழம் தோண்டுங்க. உள்ள இறங்கி, தலைக்கு மேல ஒரு கட்டையை வெச்சு மூடுங்க. விடியுறவரை அசையாதீங்க. இதான் அடிப்படை. மத்ததெல்லாம் அப்புறம்."

அப்படியே செய்தார். திரை முழுக்க இருட்டு. மேலே காலடியும் உறுமலும். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏழு நிமிடம் உட்கார்ந்திருந்தார். பிறகு தலைக்கு மேலிருந்த கட்டையைத் தட்டினார்; மஞ்சள் வெயில் உள்ளே விழுந்தது. அவர் போட்ட சத்தத்தில் கீழேயிருந்து மனைவி அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"என்ன ஆச்சு? யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலடி! அதுதான் விஷயம்!"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளைப் பார்க்கப் போவதென்று முடிவாயிற்று. மூன்றரை மணிக்கே சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். மகளுக்குத் தெரியப்போவது ஒரு கட்டை மனிதன்தான் என்று யார் சொல்வது அவரிடம்? படியேறும்போது மனைவி கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க. அங்க போயாவது மட்டம் பாக்காதீங்க."

"நான் எதுக்கு மட்டம் பாக்கப்போறேன்?"

இப்படிக் கேட்டவர், கல்யாண வீட்டுக்குப் போனால் தண்ணீர் டம்ளரை மேசையில் வைத்துத் தளம் சரிகிறதா என்று பார்க்கிறவர்.

மணி நான்கு. லிஃப்ட்டு ஒரு பக்கம், மேஸ்திரி ஒரு பக்கம். மகளின் திரையில் 'மேஸ்திரி உள்ளே வந்தார்' என்று எழுத்து ஓடியிருக்க வேண்டும். 

"மாமா... இது யாரு?"

லிஃப்ட்டு வாயைப் பொத்திக்கொண்டு மேஸ்திரியைக் காட்டினான். மகளுக்கு அது எப்படித் தெரியும்?

"நான்தான்" என்றார் மேஸ்திரி.

"அப்பாவா? அப்பா! நீங்களா? நிஜமாவா? எப்படிப்பா?"

மூன்று வாரமாக யோசித்து வைத்திருந்த அத்தனை பேச்சும் ஒரே நொடியில் பறந்துவிட்டது. "சாப்டியா?" என்றார். லிஃப்ட்டு நெற்றியில் அடித்துக்கொண்டான்.

ஆனால் மகள் கவனிக்கவேயில்லை. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. "வாங்கப்பா, வாங்க, நம்ம வீட்டைக் காட்டறேன்!" என்று முன்னால் ஓடினாள். அவருடைய கட்டை மனிதன் பின்னால் ஓடினான். குன்றின்மேல் ஒரு வீடு. கல் சுவர், கண்ணாடி ஜன்னல், ஏணி, மேலே மொட்டைமாடி. ஏழு மாதமாக ஞாயிறுதோறும் அவளே ஒவ்வொரு கட்டையாக வைத்துக் கட்டியது. மேஸ்திரி வீட்டைச் சுற்றி வந்தார், சைட்டில் வருவது போலவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. விளையாட்டில் கையைக் கட்ட முடியாது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்தான் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். கிழக்கு மூலைக்கு வந்ததும் நின்றார்.

"இந்த மூலை..."

"என்னப்பா?"

மனைவி சொன்னது காதில் ஒலிக்கத்தான் செய்தது. நாக்கு அதற்குள் முந்திக்கொண்டது. "ஒரு கட்டை வெளிய தள்ளியிருக்கு. கோணல். பிரிச்சுத்தான் கட்டணும்."

லிஃப்ட்டு அவர் தொடையைக் கிள்ளினான். காலம் கடந்துவிட்டது.

"ம். சரிப்பா."

இந்த 'சரிப்பா'வை அவர் முன்பே கேட்டிருக்கிறார். ஏழு வயதில் ஒரு வீடு வரைந்து கொண்டுவந்து நீட்டினாள். சூரியன், பூச்செடி எல்லாம் போட்டிருந்தாள். "கதவுக்கு மேல பாரத்தைத் தாங்குற லிண்டல் எங்க? சுவர் எப்படி நிக்கும்?" என்று கேட்டார். விளையாட்டாகக்கூடக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். "சரிப்பா" என்று படத்தை வாங்கிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு எந்தப் படத்தையும் அவரிடம் கொண்டுவரவில்லை. இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட இது அவருக்கு உறைக்கவில்லை. இப்போது மாடி அறையில், சலவைச் சட்டையோடு, ஒரு கட்டை வீட்டின் முன்னால் உறைத்தது. ஊருக்கெல்லாம் சுவர் நேராக நிற்கக் கட்டியவர், வீட்டுக்குள் அப்பனுக்கும் மகளுக்கும் நடுவே ஒரு சுவரைக் கட்டி வைத்திருக்கிறார். அதுவும் பழுதில்லாமல் நிற்கிறது.

"நான் போய்... மரம் வெட்டிட்டு வர்றேன்" என்று எங்காவது போனால் போதும் என ஓடினார். ஓடியவர் வானத்தைப் பார்க்கவில்லை. காட்டுக்குள் நுழைந்தபோது சூரியன் இறங்கிவிட்டது. தூரத்தில் முதல் உறுமல்.  ஆனால் அவர் கை இப்போது பாடம் படித்த கை. இரண்டு கட்டை ஆழம். உள்ளே இறங்கு. தலைக்கு மேல் ஒன்று.

"அப்பா? எங்க இருக்கீங்க? இருட்டிருச்சு!"

"குழிக்குள்ள."

"எந்தக் குழிப்பா?"

"வீட்டு வாசல்ல இருந்து நேரா நாப்பது அடி. ஓடையைத் தாண்டி இடது கைப்பக்கம். மூணு மரம் வரிசையா நிக்கும், நடு மரத்துக்கு ரெண்டு அடி முன்னால. நீ வராத. அவனுங்க மேல நிக்கிறானுங்க. நான் இருந்துக்குவேன்."

"அசையாதீங்க."

மேலே ஓட்டம், அடி, உறுமல், "ச்சீ, போ!" என்று மகளின் அதட்டல். லிஃப்ட்டு மெதுவாக எழுந்தான். "நான் டீ போட்டுட்டு வர்றேன்" என்று யாரும் கேட்காமலேயே சொல்லிவிட்டு வெளியே போனான். மேஸ்திரியின் தலைக்கு மேலிருந்த கட்டை உடைந்தது. பேய்கள் எய்த இரண்டு அம்பு உடம்பில் தைத்திருக்க, மகள் அவர் பக்கத்தில் குதித்து, சட்டென்று மேலே மூடி, சுவரில் ஒரு தீப்பந்தம் செருகினாள். இரண்டு கட்டை மனிதர்கள் மூக்கும் மூக்கும் இடிக்க நின்றார்கள்.

"ரெண்டு கட்டை ஆழம், மேல மூடி. கரெக்டா பண்ணியிருக்கீங்கப்பா! யாரு சொல்லிக் குடுத்தா?"

"உன் மாமன். மூணு வாரமா. பதினேழு தடவை செத்தேன்."

"பதினேழா! எதுக்குப்பா இதெல்லாம்?"

வேறு எங்காவது என்றால் அவர் போனை அவள் அம்மாவிடம் கொடுத்திருப்பார். குழிக்குள் கொடுக்க ஆளில்லை.

"நீ நாய்த் தலையைப் பிடிச்சேன்னு மாமன்கிட்ட சொன்னியே. கதவுக்கு வெளிய நின்னு கேட்டேன். அதெல்லாம் எனக்கும் தெரியணும்னு இருந்துச்சு."  கனைத்துக்கொண்டு தொடர்ந்தார். "வந்ததும் வராததுமா கோணல்னு சொல்லிட்டேன். தப்பும்மா. மனசுல வெச்சுக்காத. நல்லாத்தான் கட்டியிருக்க. அந்த மூலையும் நல்லாத்தான் இருக்கு."

 மகள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பிறகு சிரிப்பு.

"இல்லப்பா, அது கோணல்தான். எனக்கே தெரியும். சுவர் எழுப்பும்போது அங்க ஒரு ஆடு நின்னுச்சு. தள்ளிப் பாத்தேன், கெஞ்சிப் பாத்தேன், நகரவே மாட்டேன்னுச்சு. மாமா அடிச்சுப் போடுன்னாரு. எனக்கு மனசு வரல. ஆட்டைச் சுத்திக் கட்டிட்டேன்."

மேஸ்திரி சிரிக்கத் தொடங்கினார். சலவைச் சட்டை குலுங்கியது, கண்ணில் நீர் வந்தது, நாற்காலி கிறீச்சிட்டது. கீழே டீ போட்டுக்கொண்டிருந்தவனும் அவன் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆடு இப்பவும் இருக்கா?"

"இருக்கே! உள்ளதான் நிக்குது. காட்டறதுக்குள்ள நீங்க ஓடிட்டீங்க."

"நானும் ஒரு சுவர் அப்படிக் கட்டியிருக்கேன்."

"நீங்களா? கோணலாவா? பொய் சொல்லாதீங்கப்பா."

"சத்தியமா. நீ பொறக்குறதுக்கு முன்னாடி. காம்பவுண்டுச் சுவர். மூலையில ஒரு பூனை குட்டி போட்டு வெச்சிருந்துச்சு. சிமென்ட் வரலன்னு வீட்டுக்காரர்கிட்ட பொய் சொல்லி மூணு வாரம் வேலையை இழுத்தேன். அப்பவும் காலி பண்ணலை. அப்புறம் அந்த இடத்தை மட்டும் வளைச்சுக் கட்டிட்டேன். ஏன் வளைஞ்சிருக்குன்னு கேட்டாரு. காத்தோட்டத்துக்குன்னேன்."

"காம்பவுண்டுச் சுவருக்குக் காத்தோட்டமா!" மகள் சிரித்த சிரிப்பில் ஸ்பீக்கர் அதிர்ந்தது. "அம்மாவுக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. உனக்குத்தான் சொல்றேன்."

"எத்தனை குட்டிப்பா?"

"அஞ்சு. நாலு சாம்பல், ஒண்ணு மட்டும் கன்னங்கரேல்னு. அந்தக் கறுப்பு இருக்கு பாரு, அது பண்ணின கூத்து கொஞ்சநஞ்சமில்ல. ஒருநாள் என் மதியச் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து..."

லிஃப்ட்டு இரண்டு கையிலும் டீயோடு உள்ளே வந்தான். தன் திரையைப் பார்த்தான். குன்று, ஓடை, மூன்று மரம், எல்லாவற்றின் மேலும் வெயில் ஏறியிருந்தது. குழிக்கு மேலே நின்ற பேய்கள் எப்போதோ எரிந்து ஒழிந்திருந்தன.

"மச்சான், விடிஞ்சு வெகுநேரமாச்சு. ரெண்டு பேரும் மேல வாங்க."

"மாமா, கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் மகள். "அப்பா பேசிட்டிருக்காரு."